சாப்பிடுவதற்காக ஒரு வாரம்: கோடை விடுமுறையில் பினாங்கு

மதிய உணவு மணி அடித்தவுடன் ஆசிரியர் சாப்பிட உட்காருவதில்லை. சத்துணவு வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும். கை கழுவும் இடத்தில் தள்ளுமுள்ளு நடக்காமல் பார்க்க வேண்டும். எமிஸ் பதிவில் விட்டுப்போன ஒன்றை முடிக்க வேண்டும். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அடுத்த மணிக்குப் பத்து நிமிடம் மீதியிருக்கும். என்ன குழம்பு என்று கவனிக்காமலே சாப்பிட்டு முடித்த நாட்கள் நம் எல்லோருக்கும் உண்டு. ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் இப்படிச் சாப்பிடுகிறோம்.

இந்த நிலையில், சாப்பிடுவதையே வேலையாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் வெளிநாடு போய்வரலாம் என்று யாராவது சொன்னால் அது ஆடம்பரப் பேச்சாகத் தோன்றும். சுற்றுலா என்றால் கோயில், கோட்டை, அருங்காட்சியகம் என்று பட்டியல் போட்டு ஓடுவதுதான் நமக்குப் பழக்கம். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் உடலும் மனமும் உண்மையில் இளைப்பாற வேண்டுமென்றால், உணவை மையமாக வைத்த பயணம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஏன் பொருந்துகிறது, மலேசியாவின் பினாங்குத் தீவில் அதை எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

எட்டாம் நாள்

ஓய்வு பற்றிய ஆய்வுகள் ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஜெசிக்கா டி ப்ளூம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. நெதர்லாந்தைச் சேர்ந்த 54 பணியாளர்களை, சராசரியாக 23 நாள் நீண்ட விடுமுறைக்கு முன்பும், விடுமுறையிலும், பின்பும் கவனித்தார்கள். விடுமுறை தொடங்கியதும் அவர்களுடைய உடல்நலமும் மனநலமும் வேகமாக உயர்ந்தன. எட்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டன.

இந்த ஆய்வு ஆசிரியர்களைப் பற்றியதன்று. நம் நாட்டில் நடந்ததும் அன்று. ஆனாலும் இரண்டாம் பருவ விடுமுறை முடிந்து மூன்றாம் நாளே, விடுமுறை வந்து போனதா என்று கேட்டுக்கொள்ளும் நமக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நீண்ட விடுமுறையால் மட்டும் அதிக ஓய்வு கிடைத்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. விடுமுறையில் என்ன செய்தார்கள் என்பதற்கும் நலத்துக்கும் தொடர்பு குறைவாகவே இருந்தது. செய்ததை எவ்வளவு ரசித்தார்கள், எவ்வளவு தளர்வாக இருந்தார்கள், தங்கள் நேரத்தைத் தாங்களே தீர்மானித்தார்களா, நன்றாகத் தூங்கினார்களா என்பவற்றோடுதான் வலுவான தொடர்பு தெரிந்தது. சபைனி சோனென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் ஆகிய இருவரும் 2007-இல் உருவாக்கிய அளவுகோலும் இதே திசையில் நான்கு அனுபவங்களைக் குறிக்கிறது: மனத்தளவில் வேலையிலிருந்து விலகியிருப்பது, தளர்வாக இருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது.

நிதானமாகச் சாப்பிடும் பயணத்தில் இந்த நான்கும் தனி முயற்சி இல்லாமலே வந்துவிடுகின்றன. சூடான கிண்ணம் எதிரே இருக்கும்போது கைப்பேசியில் பள்ளி வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க முடியாது. அடுத்து எதைச் சாப்பிடுவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். தெரியாத ஓர் உணவின் பெயரையும் அதைக் கேட்டு வாங்கும் முறையையும் கற்றுக்கொள்வது சிறிய வெற்றிதான் என்றாலும் மகிழ்ச்சி தருகிறது.

ஏன் பினாங்கு

உணவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் ஆசியாவில் பல இருக்கின்றன. முதன்முறை போகும் தமிழ்நாட்டு ஆசிரியருக்குப் பினாங்கைச் சொல்வதற்குக் காரணம், அங்கே மொழியும் வயிறும் அதிகம் திணறுவதில்லை. தலைநகர் ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியை நடந்தே சுற்றிவிடலாம். 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் தெருவில் கேட்கும். நல்ல உணவு பெரும்பாலும் தெருக்கடைகளிலும் பொது உணவு வளாகங்களிலும்தான் கிடைக்கிறது. ஆகவே பெரிய ஓட்டல்களுக்குப் போக வேண்டிய தேவை இல்லை. சாதாரணக் கடையில் ஒரு கிண்ணம் லக்சா 10 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். ஒரு ரிங்கிட் என்பது சுமார் 20 ரூபாய். சற்று ஏறும், இறங்கும்.

மலாய் மொழியில் புலாவ் பினாங் என்றால் பாக்குத் தீவு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கைக்கொண்டு துறைமுகம் அமைத்தார். வணிகர்களும் கூலியாட்களும் பல திசைகளிலிருந்து வந்து குவிந்தார்கள். தென் சீனத்திலிருந்து ஹொக்கியன் மக்கள் வந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை அன்று சூலியா என்று அழைத்தார்கள்; நகரின் முக்கியமான தெரு ஒன்று இன்றும் சூலியா தெருதான். அங்கே 1800-களின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. சற்றுத் தள்ளி குவீன் தெருவில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில். ரஜூலா என்ற கப்பலின் பெயரைச் சொன்னால் நாகப்பட்டினத்தில் இன்றும் தலை நிமிர்ந்து பார்க்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அது சென்னை, நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியது.

இந்தப் போக்குவரத்தின் தடயம் மலாய்ச் சொற்களில் தங்கியிருக்கிறது. கடையை அவர்கள் கெடாய் என்கிறார்கள். கப்பல் அங்கே கப்பால், கறி காரி, மாங்காய் மங்கா, கொத்தமல்லி கெத்தும்பார். பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தால் மொழிப்பாட ஆசிரியருக்குக் கால் வலி தெரியாது.

காவுதடியில் வந்த சோறு

பினாங்கில் முதலில் சாப்பிட வேண்டியது நாசி கந்தார். நாசி என்றால் சோறு. கந்தார் என்பது தோளில் தடி வைத்து, இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தூக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல். நம் காவடி, காவுதடிதான் அது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளர்களுக்குக் காலையில் வயிறார ஏதாவது வேண்டியிருந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் மீன்குழம்பு போன்ற கறிகளுமாகத் தூக்கிக்கொண்டு போய், வாழை இலையில் வைத்து விற்றார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் கடையநல்லூர், தென்காசி பக்கத்திலிருந்தும் போனவர்களின் குடும்பங்கள் இந்தத் தொழிலில் இன்றும் உண்டு.

இப்போது காவுதடி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து சட்டிகள் இருக்கும்: வறுத்த கோழி, மீன்தலைக் கறி, கணவாய், மாட்டிறைச்சிக் கறி, முழு வெண்டைக்காய், மீன்சினை, உப்பு முட்டை. வரிசையில் நின்று சுட்டிக் காட்ட வேண்டும். கடைக்காரர் சோற்றின் மேல் நாம் கேட்டதை வைத்துவிட்டு, நாலைந்து சட்டிகளிலிருந்து குழம்பை ஒவ்வொரு கரண்டியாக அள்ளி ஊற்றுவார். நமக்கு முதலில் இது அதிர்ச்சியாக இருக்கும். மீன்குழம்பையும் கோழிக்குழம்பையும் ஒன்றாகக் கலந்து யாராவது சாப்பிடுவார்களா? அந்தக் கலவைதான் நாசி கந்தாரின் உயிர். எந்த ஒரு குழம்பிலும் இல்லாத சுவை, எல்லாம் கலந்த இடத்தில் வருகிறது. குழம்பு நிறைய வேண்டுமென்றால் ‘பஞ்சிர்’ என்று சொல்ல வேண்டும். மலாயில் வெள்ளம் என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. விலை நாம் சுட்டிக் காட்டியவற்றைப் பொறுத்தது. பெரிய இறாலையோ மீன்தலையையோ காட்டினால் தொகை எகிறிவிடும். விலை கேட்டுவிட்டு எடுப்பது அங்கே அவமரியாதை இல்லை. கடைக்காரரை ‘அண்ணே’ என்று தாராளமாகக் கூப்பிடலாம். மலேசியாவில் மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இத்தகைய கடைகளைப் பொதுவாக மாமாக் கடை என்பார்கள். நம் உறவுச் சொல்லான மாமாவிலிருந்து வந்த பெயர் இது. இங்கேதான் ரொட்டி சானாயும் கிடைக்கும். நம் பரோட்டாவின் உடன்பிறப்பு. சானாய் என்பது சென்னையைக் குறிக்கிறது என்போரும் உண்டு. மாவை மெல்லிதாகத் தேய்ப்பதற்கான மலாய்ச் சொல் என்போரும் உண்டு. தே தாரிக் என்பது இழுத்த தேநீர், அதாவது நாம் ஆற்றிக் குடிக்கும் டீ. நம் டீ மாஸ்டரின் கைவீச்சை அந்த நாட்டார் தங்கள் தேசிய அடையாளங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள்.

புளிப்பும் நெருப்பும்

இரண்டாவது நாள் ஆசாம் லக்சா. மலாயில் ஆசாம் என்றால் புளிப்பு. அயிலை வகை மீனை வேகவைத்து, முள் நீக்கி, உதிர்த்துப் புளிச்சாற்றில் கொதிக்க வைக்கிறார்கள். புளியோடு, நம் கொடம்புளியின் உறவான கெலுகோர் பழத்தின் உலர்ந்த துண்டுகளும் சேரும். தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் இந்தச் சாற்றை ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, இஞ்சி இனத்துப் பூ ஒன்றின் மெல்லிய சீவல் ஆகியவற்றைத் தூவுகிறார்கள். பக்கத்தில் ஒரு கரண்டியில் கறுப்பான, பாகு போன்ற இறால் விழுது வரும். முதல் வாயில் அது விசித்திரமாக இருக்கும். மீன்குழம்புக்குப் பழகிய நாக்கு இரண்டாவது வாயிலேயே சமாதானம் ஆகிவிடும். இதை அவசரமாகச் சாப்பிட முடியாது. ஒவ்வொரு கரண்டியிலும் வேறு வேறு துண்டு வருவதால் கவனித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

சார் கொய் தியாவ் இதற்கு நேர்மாறு. பட்டையான அரிசி நூடுல்ஸை இறால், சிப்பிச் சதை, முளைகட்டிய பயறு, முட்டை ஆகியவற்றோடு மிகக் கடுமையான தீயில் இரண்டு மூன்று நிமிடத்தில் புரட்டி எடுப்பது. தேர்ந்த சமையற்காரர் ஒரே நேரத்தில் ஐந்து தட்டுக்குச் சேர்த்துப் போடுவதில்லை. ஒவ்வொரு தட்டாகத்தான் வறுப்பார். சட்டியில் அதிகம் சேர்ந்தால் சூடு தணிந்து, நூடுல்ஸ் வறுபடாமல் வெந்துவிடும். அதனால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது அவர் கையைப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பாரம்பரிய முறையில் இது பன்றிக் கொழுப்பில் செய்யப்படும். அதைத் தவிர்ப்பவர்கள் ஹலால் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

சைவ உணவு உண்போர் கவனிக்க வேண்டிய சொல் பெலாச்சான். அது இறாலை உப்பிட்டு நொதிக்க வைத்த விழுது. கீரை வதக்கல், சம்பால் போன்று காய்கறியாகத் தோன்றும் பலவற்றிலும் அது ஒளிந்திருக்கும். லிட்டில் இந்தியாப் பகுதியில் நம் முறைச் சைவச் சாப்பாடு கிடைக்கும். சீனப் பௌத்தர்களின் சைவக் கடைகளும் உண்டு. அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. அத்துடன் வெயில் நேரத்துச் செண்டோல் எல்லோருக்கும் பொது: துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பாண்டன் இலைச் சாறு சேர்த்த பச்சை மாவு இழைகள். காலைப் பலகாரமாக வரும் புத்து மாயாம் நம் இடியாப்பம்தான். தேங்காய்த் துருவலும் வெல்லமும் வைத்துத் தருகிறார்கள்.

ஒரே மேசை, பல கடைகள்

சீனர்களின் பழைய கொப்பித்தியாம், அதாவது காப்பிக் கடை, எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் தயக்கம் போய்விடும். கட்டடத்தின் உரிமையாளர் காப்பி, டீ போன்ற குடிக்கும் பொருட்களை மட்டும் விற்பார். உள்ளே ஓரங்களில் நிற்கும் தள்ளுவண்டிகள் தனித்தனி ஆட்களுடையவை; வாடகை கொடுத்து நிற்கிறார்கள். ஒருவர் ஒரே பண்டம்தான் செய்வார், சிலர் 30 ஆண்டுகளாக அதையே. நாம் இடம் பிடித்து உட்கார்ந்து, மேசை எண்ணைச் சொல்லி இரண்டு மூன்று வண்டிகளில் வேறு வேறு பண்டம் கேட்கலாம். ஒவ்வொருவரும் தங்கள் தட்டைக் கொண்டுவந்து வைத்துத் தனியாகக் காசு வாங்கிக்கொள்வார்கள். உட்கார்ந்ததற்காக ஏதாவது குடிக்க வாங்குவது மரியாதை. தெரியாதவர் எதிரே வந்து உட்கார்ந்தால் அது அங்கே இயல்பு.

காப்பி கேட்கும் முறையும் ஒரு சிறு பாடம். கொப்பி என்றால் டின் பாலோடு வரும். கொப்பி ஓ என்றால் பால் இல்லாமல், சர்க்கரையோடு. கொப்பி ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. கோசோங் என்றால் வெறுமை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கடைசிச் சொல்லை முதலில் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

ஒரு நாளில் எத்தனை வேளை

உணவுப் பயணம் என்றதும் 15 பண்டங்களின் பட்டியலோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டம்தான். நாளைக்கு இரண்டு புதிய பண்டங்கள் போதும். காலை ஏழரைக்குக் காப்பிக் கடை. பிறகு வெயில் ஏறும்வரை பழைய தெருக்களில் நடை. பதினொன்றரைக்கு நாசி கந்தார் போன்ற கனமான ஒன்று. அதன்பின் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர் அது. மதியத்தில் சுற்றுவது உள்ளூர்க்காரர்களும் செய்யாத வேலை. மாலையில் கடற்கரையோரம், இரவு உணவு வளாகத்தில் ஒரு தட்டை இருவர் பகிர்வது. ஒருநாள் மாலையை 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் பினாங்கு மலைக்குப் போக வைத்துக்கொள்ளலாம். மற்றபடி எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் விடுவது நல்லது.

ஆசிரியருக்கு இதில் ஒரு சோதனை உண்டு. சூலியா தெருவைப் பார்த்ததும் சமூக அறிவியல் பாடம் நினைவுக்கு வரும். ஜாதிக்காயைப் பார்த்ததும் கற்றல் கருவியாக எடுத்துப் போகலாமா என்று தோன்றும். குறிப்பேட்டை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. ஒன்றை வகுப்புக்குப் பயன்படுமா என்று பார்த்த கணத்திலேயே நாம் வேலைக்குத் திரும்பிவிட்டோம். பிள்ளைகளிடம் சொல்லத் தகுந்தது எதுவோ அது ஜூலையில் ஏதாவது ஒரு பாடத்தின் நடுவே தானாக வந்து நிற்கும்.

பள்ளி வாட்ஸ்அப் குழுவை ஒலியடக்குவதை விமானம் ஏறும் முன்பே செய்துவிட வேண்டும். அவசரத்துக்கு ஒரு சக ஆசிரியரிடம் மட்டும் எண் இருந்தால் போதும்.

புறப்படும் முன்

அரசுப் பணியில் இருப்பவர்கள் விடுமுறைக் காலமானாலும் வெளிநாடு செல்ல உரிய அலுவலரின் முன் அனுமதி பெற வேண்டும். தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கும்போது பயண நாட்கள், நோக்கம், செலவுக்கான பணம் எங்கிருந்து வருகிறது போன்ற விவரங்கள் கேட்கப்படும். இதற்கு நேரம் பிடிக்கும்; மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே தொடங்குவது பாதுகாப்பு. அனுமதி கைக்கு வரும்முன் பணம் திரும்பாத பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். விடைத்தாள் மதிப்பீடு, பயிற்சி, சேர்க்கைப் பணி ஆகியவை எப்போது வரும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா விலக்கை மலேசியா அளித்துவருகிறது. இது காலக்கெடுவோடு நீட்டிக்கப்படும் சலுகை. சீட்டு எடுக்கும்முன் அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலில் இன்னொரு 4 மணி நேரம் போய், படகில் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுனில் இறங்குவது அழகான வழி. நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால்.

திரும்பும் நாளைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளாக வைப்பவர்கள் பலர். குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். துணி துவைக்கவும், ஒருநாள் ரசம் சோறு சாப்பிட்டு வயிற்றைச் சரிசெய்யவும், நல்ல தூக்கம் தூங்கவும் அது தேவைப்படும். திறந்த முதல் வாரத்தில், இடைவேளையில் வரிசையைப் பார்க்கும் பொறுப்பைச் சக ஆசிரியர்களோடு முறைவைத்துப் பிரித்துக்கொண்டால், வாரத்தில் இரண்டு நாளாவது உட்கார்ந்து சாப்பிட முடியும். தலைமையாசிரியர்கள் செலவில்லாமல் செய்துதரக்கூடியது இது.

வீட்டுக்கு வாங்கிவர பினாங்கு ஜாதிக்காய் நல்லது. நாம் கொட்டையையும் பத்திரியையும் மட்டும் அறிவோம். அங்கே அதன் சதைப்பற்றையும் சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்து விற்கிறார்கள். டுரியான் பருவம் மே மாத இறுதியில் தொடங்கி ஜூன், ஜூலையில் சூடுபிடிக்கும். அதன் வாசனை காரணமாகப் பல விடுதிகள் அதை உள்ளே விடுவதில்லை, விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். பழக்கடை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டியதுதான்.